சென்னைல காதுல விழுற பாட்ட கோட்டை விடாம பிடிக்கிறது எப்படி

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி கிண்டில ஷேர் ஆட்டோ ஏறினேன். உள்ள ஏற்கெனவே எட்டு பேரு, என் ஒரு காலு வெளிய தொங்குது, முதுகுல பேக்கு, மடியில யாரோ ஒரு அக்காவோட கட்டப்பை, இந்த லட்சணத்துல ட்ரைவர் அண்ணனோட பென்ட்ரைவ்ல இருந்து ஒரு பழைய பாட்டு ஓடுது. நடுவுல ஒரு புல்லாங்குழல் பிட்டு வந்துச்சு பாருங்க, அப்படியே கையில முடியெல்லாம் நட்டுக்கிச்சு. போன எடுக்கலாம்னா கைய அசைக்க எடமில்ல. அதுக்குள்ள என் ஸ்டாப் வந்துடுச்சு, காசு குடுத்தேன், இறங்கினேன், ஆட்டோ போயிடுச்சு, பாட்டும் போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அது என்ன பாட்டுன்னு தெரியல.

அந்த வயித்தெரிச்சல்ல இருந்து பொறந்ததுதான் இந்த வழிகாட்டி. ஆப் நமக்கு போடுற பாட்டெல்லாம் நாம ஏற்கெனவே கேட்டதோட அண்ணன் தம்பிதான். ஊருக்குள்ள நடந்தா அடுத்தவன் கேக்குற பாட்டு நம்ம காதுல விழும், புதுசு அங்கதான் கெடைக்கும். ஆனா அது அஞ்சு செகண்டுல கடந்து போயிடும், அதனால மொதல்ல பிடிக்கக் கத்துக்கணும்.

மொதல் முப்பது செகண்ட்

எல்லாருக்கும் தெரிஞ்சது ஷாஜாம். 2002ல இங்கிலாந்துல ஆரம்பிச்சப்போ அது ஆப்பே கெடையாது, 2580ன்னு ஒரு நம்பருக்கு போன் போட்டு பாட்டுக்கிட்ட காட்டணும், பாட்டு பேரு எஸ்எம்எஸ்ல வரும். 2018ல ஆப்பிள் வாங்கிடுச்சு. அது வேலை செய்யிற விதத்த தெரிஞ்சுக்கிட்டா எப்ப நம்பலாம் எப்ப நம்பக்கூடாதுன்னு புரிஞ்சுடும். ஷாஜாமுக்கு மெட்டு எல்லாம் புரியாது. பாட்டோட சத்தத்துல எந்தெந்த நொடியில எந்தெந்த அலைவரிசை தூக்கலா நிக்குதோ அந்த புள்ளிகள எடுத்து ஒரு கைரேகை மாதிரி பண்ணி வெச்சுக்கும், அந்த ரேகைய தன்கிட்ட இருக்குறதோட ஒப்பிட்டு பாக்கும். அதனாலதான் அவ்வளவு இரைச்சல்லயும் கண்டுபிடிக்குது, அதனாலேயேதான் அதே பாட்ட கல்யாண மண்டபத்துல லைட் மியூசிக் காரங்க எவ்வளவு அழகா பாடினாலும் முழிக்குது. அதே ரெக்கார்டிங் வேணும் அதுக்கு.

ரீல்ஸ்ல வேகம் கூட்டி, இல்ல இழுவையா மெதுவா ஆக்கி போடுறாங்களே, அதுலயும் பல நேரம் ஏமாந்துடும், அந்த மாதிரி சமயத்துல கமென்ட்ட தோண்டுறதுதான் வழி, யாராவது ஒரு புண்ணியவான் பேரு போட்டிருப்பாரு.

நம்ம ஊருக்குன்னு ஒரு தனி சிக்கல் இருக்கு. இடையிசை ஓடும்போது ஷாஜாம் போட்டீங்கன்னா சில நேரம் தெலுங்கு பாட்டு பேரோ இந்தி பாட்டு பேரோ காட்டும், நீங்க இது நம்ம பாட்டாச்சேன்னு கொழம்புவீங்க. டப்பிங் வெர்ஷன்ல பாடுற குரல் மட்டும்தான் மாறும், பின்னாடி வாசிச்சது அதே ட்ராக்குதான், அதான் கதை. அதனால முடிஞ்சா பாடகர் வாய் தொறக்குற வரைக்கும் காத்திருங்க. காத்திருக்க நேரமில்லையா, வந்த தெலுங்கு பேர பிடிச்சுக்கிட்டு அந்தப் படத்தோட தமிழ் பேர தேடினா முடிஞ்சது.

போன்ல இத எங்க வெச்சிருக்கீங்கங்கிறதும் முக்கியம். ஆப்ப தேடி ஸ்க்ரோல் பண்ணிட்டு இருந்தா பாட்டு முடிஞ்சு விளம்பரம் வந்துடும். ஐபோன்னா கன்ட்ரோல் சென்டர்ல அந்த பட்டன சேத்து வெச்சுக்குங்க, போன்லயே ஓடுற ரீல்ஸ் பாட்டக்கூட அது கண்டுபிடிக்கும், ஹெட்போன் மாட்டியிருந்தாலும். ஆண்ட்ராய்டுன்னா மேல இருந்து இழுக்குற பேனல்ல போட்டுக்கலாம். கூகுள் பிக்சல் போன் வெச்சிருக்கவங்க செட்டிங்ஸ்ல ஒரு தடவை ஆன் பண்ணி வெச்சா போதும், அப்புறம் தானாவே லாக் ஸ்க்ரீன்ல பாட்டு பேரு வந்து நிக்கும். நெட் இல்லாத எடத்துல கூட பட்டன தட்டி வைங்க, ஷாஜாம் சேத்து வெச்சுக்கிட்டு அப்புறமா நெட் வந்ததும் சொல்லும். இது தெரியாம எத்தனை பாட்ட சுரங்க மெட்ரோ ஸ்டேஷன்ல விட்டிருக்கேன்.

ஷாஜாம் கையை விரிச்சுடுச்சா, வாய்ஸ் ரெக்கார்டர் போடுங்க. பதினஞ்சு செகண்ட் போதும். தரம் எல்லாம் பாக்காதீங்க, பஸ் ஹாரன் நடுவுல இருந்தாலும் பரவால்ல, வீட்டுக்கு வந்து கேட்டா மெட்டு ஞாபகம் வரும். அத நீங்களே முணுமுணுத்து கூகுள்ல தேடலாம், 2020 அக்டோபர்ல வந்த வசதி, பத்து பதினஞ்சு செகண்ட் ம்ம்ம்ன்னு பாடினா இத்தனை சதவீதம் இந்தப் பாட்டுன்னு காட்டும். இது கைரேகை பாக்குறதில்ல, மெட்டோட ஏற்ற எறக்கத்த பாக்குறது, அதனால நீங்க எந்த சுருதில பாடினாலும் கவலை இல்ல. என் குரலுக்கே வேலை செய்யுது, இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும். ஆனா ஒண்ணு, வார்த்தையோட பாடாதீங்க, லாலாலா இல்ல ம்ம்ம், அவ்வளவுதான். தாளம் போடாதீங்க, தொடையில தட்டுற சத்தமும் உள்ள போயிடும்.

வார்த்தைய பிடிக்கிறவங்களுக்கு

மெட்டு மறந்து வார்த்தை மட்டும் ஞாபகம் இருக்குன்னா, எந்த வார்த்தைய தேடுறீங்கங்கிறதுல இருக்கு சூட்சுமம். நிலா, பூவே, கண்ணே, உயிரே எல்லாம் தேடி பிரயோஜனமே இல்ல, தமிழ் சினிமால பாதி பாட்டு அதுலதான் ஆரம்பிக்குது. சரணத்துல வர்ற வித்தியாசமான ஒரு பொருள பிடிங்க. கொய்யாக்கா, தகரக்கொட்டாய், ரிக்‌ஷா, மருதாணி, அப்படி ஏதாவது. ரெண்டு வித்தியாசமான வார்த்தை சேந்து கெடைச்சா வேலை முடிஞ்ச மாதிரி.

மொதல்ல தமிழ்லயே டைப் பண்ணி தேடுங்க. கெடைக்கலைன்னா இங்கிலீஷ் எழுத்துல, ஆனா அங்க ஒரு தலைவலி, ழகரத்த ஒருத்தன் ஒரு மாதிரி எழுதுவான், நெடிலுக்கு ஒரு எழுத்து போடுறவனும் உண்டு ரெண்டு போடுறவனும் உண்டு, அதனால ரெண்டு மூணு எழுத்துக்கூட்டல்ல மாத்தி மாத்தி போட்டு பாருங்க. அப்புறம் நீங்க கேட்ட வார்த்தை தப்பா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, எங்க வீட்ல ஒரு பாட்டுல வர்ற வரிய எங்க சித்தப்பா முப்பது வருஷமா தப்பா பாடிட்டு இருக்காரு, திருத்தினா கோவம் வேற வருது.

இதெல்லாத்தையும் விட சீக்கிரமா வேலை செய்யிற டெக்னாலஜி ஒண்ணு இருக்கு, "அண்ணா, இது என்ன பாட்டு?" அவ்வளவுதான். கூச்சப்படாதீங்க. டீக்கடைல கேளுங்க, சலூன்ல கேளுங்க, ஆட்டோல கேளுங்க. என் அனுபவத்துல பாட்ட பத்தி கேட்டா இந்த ஊர்ல யாரும் மூஞ்சிய திருப்பினதில்ல, உல்டாவா பாட்டு பேரு சொல்லி, படம் சொல்லி, அந்த படத்த எந்த தியேட்டர்ல யாரோட பாத்தேன்னு வரைக்கும் கத வரும். கிண்டி ஆட்டோல நான் பண்ணின தப்பு அதுதான், போன தேடின நேரத்துல வாய தொறந்திருக்கணும்.

ஒரு பாட்ட வெச்சு பத்து பாட்டு

பேரு கெடைச்சதும் ஹார்ட் போட்டுட்டு போயிடாதீங்க. அங்கதான் ஆட்டமே ஆரம்பிக்குது. ஒரு பாட்டுல இருந்து மூணு பக்கம் கிளை பிரியும்: பாடினவங்க, வாசிச்சவங்க, ராகம். மொதல் பக்கம் எல்லாரும் போறதுதான். மத்த ரெண்டுலதான் சரக்கு இருக்கு.

ராகத்துக்கு நான் போன வழிய சொல்றேன். சுப்ரமணியபுரம் படத்துல வந்த கண்கள் இரண்டால், 2008, ஜேம்ஸ் வசந்தன் இசை. அந்த வருஷம் காலேஜ் பஸ்ல அத கேக்காதவன் காதே இல்லாதவன். அது ரீதிகௌளைன்னு யாரோ சொன்னாங்க, சரி அதே ராகத்துல வேற என்ன இருக்குன்னு தேடினா 1977ல இளையராஜா கவிக்குயில் படத்துக்கு போட்ட சின்னக்கண்ணன் அழைக்கிறான், பாடினது பாலமுரளிகிருஷ்ணா. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டேன், ஒரே தெருவுல இருக்குற ரெண்டு வீடு மாதிரி இருக்கு, தச்சன் ஒருத்தன்தான், ஜன்னல் மட்டும் வேற. பாலமுரளி பேர பிடிச்சுக்கிட்டு அவரோட கச்சேரி பதிவுகளுக்கு போனேன், அங்க இருந்து ஜனனி நின்னுவினான்னு சுப்பராய சாஸ்திரி கீர்த்தனை, அது பத்தொன்பதாம் நூற்றாண்டு சமாச்சாரம். காலேஜ் பஸ்ல ஆரம்பிச்சு சியாமா சாஸ்திரி மகன் வீட்டு வாசல்ல போய் நின்னுட்டேன். இத எந்த ஆப்பும் எனக்கு வரிசையா போட்டு குடுத்திருக்காது, ஏன்னா இந்த நாலையும் ஒரே ஆள் ஒரே வாரத்துல கேக்குறது ரொம்ப கம்மி, அதுக்கு அந்த கணக்கு புரியாது.

உங்களுக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியணும்னு அவசியம் இல்ல. பாட்டு பேரோட ராகம்னு சேத்து தேடினா போதும், அதுக்குன்னே உக்காந்து பட்டியல் போட்டு வெச்சிருக்குற ஜீவன்கள் நிறைய பேரு உண்டு. ரெண்டு எடத்துல ஒரே பதில் வந்தா நம்புங்க, ஒரு எடத்துல மட்டும் பாத்துட்டு சபால போய் பேசிடாதீங்க.

வாசிச்சவங்க பக்கம் இன்னும் சுவாரசியம். ரகுமான் பாட்டுல பேஸ் கிட்டார் உங்கள ஏதோ பண்ணுதுன்னா கீத் பீட்டர்ஸ்னு தேடிப் பாருங்க, புல்லாங்குழல்னா நவீன் குமார். ராஜா பக்கம் புல்லாங்குழல்னா அருண்மொழி, நெப்போலியன்னும் சொல்லுவாங்க, அவர் பாடவும் செஞ்சிருக்காரு. பழைய கேசட் அட்டைல இந்த மாதிரி பேரெல்லாம் பெரும்பாலும் இருக்காது. ரகுமான் வந்தப்புறம்தான் வாசிச்சவங்க பேர கேசட் உள்அட்டைல பாக்குற பழக்கமே நமக்கு வந்துச்சு. இப்ப ஸ்பாட்டிஃபைல பாட்டு மேல அந்த மூணு புள்ளிய தட்டினா கிரெடிட்ஸ்னு வரும், அத திறந்து பாருங்க. ஆனா பழைய பாட்டுக்கு ஆப்ல போட்டிருக்குற வருஷத்த மட்டும் நம்பவே நம்பாதீங்க. 1983 பாட்டு 2015ன்னு இருக்கும், யாரோ ஒரு கம்பெனி அந்த வருஷம் தொகுப்பா ஏத்தியிருப்பான். படத்தோட பேர வெச்சுத்தான் வருஷம் பாக்கணும்.

எங்க போய் காத கொடுக்கணும்

மால்ல, பப்ல எல்லாம் நான் தேடுறதில்ல, எல்லா எடத்துலயும் அதே இருவது பாட்டு. எஃப்எம்மும் பகல்ல அப்படித்தான், இந்தியாவிலயே மொத எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலைல நம்ம மெட்ராஸ்லதான் ஆரம்பிச்சதுன்னு பெருமையா சொல்லிக்கலாம், ஆனா இன்னிக்கு தனியார் ஸ்டேஷன எத திருப்பினாலும் ஹிட்டு ஹிட்டுன்னு ஒரே ஹிட்டுதான். ராத்திரி பத்துக்கு மேல மட்டும் போடுங்க, பழைய பாட்டு பக்கம் அப்பப்ப ஒண்ணு சிக்கும்.

மின்சார ரயில் வேற விஷயம். பீச் டு தாம்பரம் லைன்ல மதியம் கூட்டம் கம்மியா இருக்குறப்ப ஏறினா, கண் தெரியாத பாடகர்கள் தோள்ல சின்ன ஸ்பீக்கர் மாட்டிக்கிட்டு பாடிக்கிட்டே வருவாங்க. அவங்க பாட்டு தேர்வ கவனிங்க, ஹிட்டா இருந்தும் நாம மறந்துபோன பாட்டுங்க நிறைய வரும், பி.பி.ஸ்ரீனிவாஸ் வரும், ஜெயச்சந்திரன் வரும். மொதல்ல காச போடுங்க, அப்புறம் பாட்டு பேரு கேளுங்க, வீடியோ எடுக்கணும்னா அவங்ககிட்ட சொல்லிட்டு எடுங்க. தலைக்கு மேல போன தூக்கிப் பிடிச்சுக்கிட்டு காசும் போடாம இறங்கிப் போற கூட்டத்த பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

இங்க ஷாஜாம் வேலை செய்யாது, பாடுறது வேற குரலாச்சே. ரெக்கார்டர், இல்ல கேள்வி, ரெண்டுல ஒண்ணு.

அடுத்து கானா. வடசென்னை, காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம். சினிமால வந்த கானாவ மட்டும் கேட்டுட்டு கானா தெரியும்னு சொல்றவங்கதான் அதிகம், அது சபா கேன்டீன்ல காபி மட்டும் குடிச்சுட்டு கச்சேரி கேட்டேன்னு சொல்ற மாதிரி. நிஜ கானா பொழைக்கிறது சாவு வீட்லயும் தெரு முக்குலயும்தான், செத்தவர பத்தியே விடிய விடிய கட்டிப் பாடுறது மரண கானா, டோலக் இருந்தா டோலக், இல்லைன்னா மேசை, பக்கெட்டு, எது கெடைக்குதோ அது. யார் வீட்டு சாவுக்கும் பாட்டு கேக்க போய் நிக்காதீங்க, அசிங்கம். யூட்யூப்ல ஏத்தி வெச்சிருக்காங்க, ஏரியா பேரோட சேத்து தேடுங்க. நிறைய பாட்டு எந்த ஆப்லயும் இருக்காது, லோக்கல் ஸ்டுடியோல பதிஞ்சு நேரா யூட்யூப்ல போட்டிருப்பாங்க, அதனால ஷாஜாம் முழிக்கும். தலைப்ப நம்பாம பாடகர் பேர பிடிங்க, தலைப்பு எல்லாம் அம்மா கானா, நட்பு கானா, காதல் தோல்வி கானான்னு ஒரே மாதிரிதான் இருக்கும். பொண்ணுங்கள திட்டியே காலம் தள்ளுற கானாவும் கொட்டிக் கெடக்கு, அத தாண்டி வாங்க. கானா இசைவாணிய கேளுங்க, 2020ல பிபிசி போட்ட நூறு பெண்கள் பட்டியல்ல இருந்தவங்க.

இசைவாணி பாடின இசைக்குழு தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேந்து ஆரம்பிச்சது, 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல மொத மேடை. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடைல. அதோட தொடர்ச்சியா ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பர்ல இருந்து மார்கழியில் மக்களிசைன்னு நடத்த ஆரம்பிச்சாங்க, பறை, கானா, ஒப்பாரி, நாட்டுப்புறம் எல்லாம் வரும். பேர்லயே மார்கழி, சபாக்கள்ல கர்நாடக கச்சேரி சீசன் நடக்குற அதே மாசம், ஏன் அந்த மாசம்னு கேட்டா இந்த ஊர் பத்தி பாதி புரிஞ்சுடும். நான் சொல்றது என்னன்னா ஒரு நாள் சாயங்காலம் சபாவுக்கு போங்க, மறுநாள் மக்களிசைக்கு போங்க, ஒரே வாரத்துல ரெண்டையும் கேளுங்க.

சபாவுக்கு மொத தடவை போறவங்களுக்கு

பட்டுப்புடவை மாமிங்க கூட்டம், நமக்கு எதுக்குன்னு தள்ளிப் போடுறவங்களுக்கு சொல்றேன். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900ல இருந்து இருக்கு, மியூசிக் அகாடமி 1928. யுனெஸ்கோ 2017ல சென்னைய இசைக்கான படைப்பு நகரம்னு சேத்துக்கிட்டதுக்கு இந்த சீசனும் ஒரு காரணம். சரி அது கெடக்கட்டும், உங்களுக்கு வேண்டியது என்னன்னா, டிசம்பர்ல நிறைய சபாவுல மதிய கச்சேரிக்கு டிக்கெட்டே கெடையாது. நேரா உள்ள போய் உக்காரலாம். ஏசி, மெத்தை சீட்டு, வெயிலுக்கு ஒதுங்கவே போகலாம். மதியத்துல பாடுறவங்க பெரும்பாலும் சின்னப் பசங்க, அடுத்த வருஷம் சாயங்கால ஸ்லாட்டுக்கு போராடுறவங்க, அதனால உயிரக் குடுத்து பாடுவாங்க. சாயங்காலம் பெரிய ஆள் கச்சேரிக்கு காசு கொட்டி மொத தடவை போய் தூங்கி வழியிறத விட இது எவ்வளவோ மேல்.

டீஷர்ட் போட்டுட்டு போங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உள்ள போறது வர்றது ரெண்டு பாட்டுக்கு நடுவுல வெச்சுக்குங்க.

என்ன பாடுறாங்கன்னு தெரியலையா, பக்கத்துல ஒரு மாமா கண்டிப்பா கையில சின்ன நோட்டோட உக்காந்திருப்பாரு, ராகம், தாளம், பாட்டு, எத்தனை நிமிஷம்னு எல்லாம் எழுதுவாரு. வார்த்தை இல்லாம ராகத்த மட்டும் பாடுற ஆலாபனை முடிஞ்சு பாட்டு ஆரம்பிச்சப்புறம் மெதுவா "என்ன ராகம் சார்?"ன்னு கேளுங்க. அவர் அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பாரு. இன்னும் சிலர் கையில கீர்த்தனை பட்டியல் புத்தகம் ஒண்ணு இருக்கும், மொத வரிய வெச்சு பக்கத்த புரட்டுவாங்க, அவங்க தான் அந்தக்கால ஷாஜாம்.

எல்லாம் ஒண்ணு மாதிரியே கேக்குதுன்னு தோணினா கடைசில இருந்து ஆரம்பிங்க. மெயின் பாட்டு, தனி ஆவர்த்தனம் முடிஞ்சப்புறம் துக்கடான்னு வரும், பாரதியார் பாட்டு, திருப்புகழ், தில்லானா, குட்டி குட்டியா இருக்கும், காதுக்கு சட்டுன்னு ஒட்டும். பவமான பாட ஆரம்பிச்சா மங்களம், கடை சாத்தியாச்சு. தனி ஆவர்த்தனத்தப்போ கூட்டம் எழுந்து கேன்டீனுக்கு ஓடும், அந்தக் கூட்டத்தோட சேராதீங்க. மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி பேசுற அந்த பத்து பதினஞ்சு நிமிஷம்தான் ராக்கு, மெட்டலு கேட்டு வளந்த காதுக்கு மொதல்ல பிடிபடும். தோசை எங்கயும் போயிடாது.

மார்கழிய விட்டுட்டீங்கன்னா பங்குனில மயிலாப்பூர் போங்க. கபாலீஸ்வரர் கோயில் பத்து நாள் உற்சவம், சாமி வெளிய வர்றப்போ நாகஸ்வரத்துல மல்லாரி வாசிப்பாங்க, கம்பீரநாட்டை ராகம், வார்த்தையே கெடையாது, தவிலோட சேந்து அந்த சத்தம் மாட வீதி செவுத்துல மோதி திரும்பி வர்றத ஒரு தடவை நேர்ல கேட்டுட்டீங்கன்னா ரெக்கார்டிங்க்ல அது பாதிகூட இல்லைன்னு தெரிஞ்சுடும். மைக் இல்ல, ஸ்பீக்கர் இல்ல, டிக்கெட் இல்ல. ஆடில அம்மன் கோயில் கூழ் ஊத்துற வாரம் தெரு முழுக்க எல்.ஆர்.ஈஸ்வரி. அந்த குரலோட சினிமா பாட்டுங்களையும் அப்படியே பக்கத்துல வெச்சு கேளுங்க, ஒரே ஆளான்னு வாய பொளப்பீங்க. பொங்கல் சமயத்துல சென்னை சங்கமம், 2007ல ஆரம்பிச்சது, நடுவுல நின்னு போய் 2023ல திரும்ப வந்துச்சு, பார்க்கு, பீச்சுன்னு பறையும் கரகமும் ஆடும். ஜூன் 21 உலக இசை நாள், நுங்கம்பாக்கத்துல இருக்குற பிரெஞ்சு பண்பாட்டு மையம் அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் அந்த வாரம் ஒரு கண்ணு வெச்சுக்குங்க.

கையில தொட்டு வாங்கணும்னா

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல மூர் மார்க்கெட். பழைய செவப்பு கட்டடம் 1985ல தீ பிடிச்சு போயிடுச்சு, இப்ப இருக்குறது அல்லிக்குளம் வளாகத்துல. பழைய புத்தகத்தோட இசைத்தட்டும் கெடைக்கும். அட்டைய பாத்து மயங்கி வாங்காதீங்க, உள்ள வேற தட்டு இருக்கும், நடுவுல ஒட்டியிருக்குற லேபிள படிங்க. தட்ட வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க, மெல்லிசா முடி மாதிரி கோடு இருந்தா சமாளிக்கலாம், நகத்துல தடவினா தட்டுப்படுற கீறல்னா அந்த எடத்துல பாட்டு குதிக்கும். கண் மட்டத்துல பிடிச்சு வளைஞ்சிருக்கான்னு பாருங்க. 80கள்ல வந்த ராஜா தட்டுங்க எக்கோ லேபிள்ல நிறைய வரும், அதுக்கு டிமாண்டு ஜாஸ்தி, வெலைய கேட்டு மயக்கம் போட வேணாம். அத விட யாரும் தொடாத பக்தி பாட்டு, நாடகம், வில்லுப்பாட்டு தட்டுங்கள கெளறுங்க. சும்மா தூக்கிட்டு போற சூட்கேஸ் ப்ளேயர் ஆசையா இருக்கும், ஆனா மலிவான ப்ளேயர் ஊசி தட்டு மேல அழுத்தமா உக்காந்து வரிய தேச்சுடும், கொஞ்சம் பொறுத்து நல்லதா வாங்குங்க.

தட்டு வேணாம்னா வீட்டு பரணைய பாருங்க. அப்பா, மாமா, சித்தப்பா யாராவது ரெக்கார்டிங் சென்டர்ல பட்டியல் எழுதிக் குடுத்து பதிஞ்ச டிடிகே 90 கேசட்டு கெடைக்கும். ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம், அதுக்குள்ள அடங்குற மாதிரி பாட்டுங்கள அவங்க பொறுக்கின விதம் இருக்கே, அந்த கையெழுத்து லிஸ்ட்ட அப்படியே ப்ளேலிஸ்ட்டா போடுங்க. எங்க சித்தப்பா கேசட்ல இருந்து நான் எடுத்த பதினாறு பாட்டுல ஒம்போது எனக்கு சுத்தமா தெரியாது, மூணு வருஷமா எந்த ஆப்பும் எனக்கு காட்டவே இல்ல.

ஆப்ப அடக்கி வெக்கிறது

ஆப்பே வேணாம்னு நான் சொல்லல. உங்கள மாதிரியே கேக்குற ஆளுங்க வேற என்ன கேட்டாங்கன்னு பாத்துதான் அது போடுது, அதனால உங்க கணக்க சுத்தமா வெச்சுக்குங்க. அக்கா பொண்ணு என் போன்ல ஒரு வாரம் குழந்தைப் பாட்டு போட்டா, அப்புறம் ஒரு மாசம் எனக்கு சிபாரிசு எல்லாம் யானை, காக்கா, நிலா நிலா ஓடி வாதான். ஸ்பாட்டிஃபைன்னா பிரைவேட் செஷன் போட்டுட்டு போன குடுங்க, யூட்யூப்னா ஹிஸ்டரிய நிறுத்தி வைங்க. ஆட்டோப்ளேவ ஆஃப் பண்ணுங்க. ஒரு ஆல்பம் முடிஞ்சா அமைதி வரணும், அந்த அமைதிலதான் அடுத்து என்ன கேக்கணும்னு நமக்கே தோணும்.

பிடிச்ச பாட்ட எல்லாம் ஒரு நோட்ல எழுதுங்க, போன் நோட்ஸ்லயே போதும். பாட்டு பேரோட நிறுத்தாம எங்க கேட்டேன், எத்தனை மணி, யார் போட்டா, மழையா வெயிலான்னு சேத்து எழுதுங்க. பேரு தெரியாத பாட்டுக்கு இது ரொம்ப முக்கியம், எடத்த வெச்சு திரும்பப் போய் கேக்கலாம். என் நோட்ல இருக்குற ஒண்ணு இப்படி இருக்கு: "கிண்டி, ஷேர் ஆட்டோ, ராத்திரி ஒம்போதரை, மழை, பெண் குரல், ரெண்டாவது இடையிசைல புல்லாங்குழல் கீழ இருந்து மேல ஏறி பாதில நிக்கும்." அருண்மொழி வாசிச்சதா இருக்கும்னு அந்தப் பக்கம் எண்பது பாட்டு கேட்டாச்சு, நவீன் பக்கமும் போயாச்சு. அதே ஸ்டாண்டுல ரெண்டு வாரம் கழிச்சு போய் ட்ரைவர் அண்ணன்களக் கூட விசாரிச்சேன். ஒருத்தர் சிரிச்சுட்டு தன் பென்ட்ரைவ கழட்டி குடுத்தாரு, காப்பி பண்ணிட்டு நாளைக்கு குடு தம்பின்னு. நானூறு சொச்சம் பாட்டு, ஃபோல்டர் பேரு மிக்ஸ் மூணு. இருநூத்தி பன்னெண்டாவதுல இருக்கேன்.